அளவுகோலும் மனச்சாட்சியும்

பொதுக்கூட்டம் ஒன்று நடந்த மறுநாள் காலையில், ஐம்பதினாயிரம் பேர் திரண்டனர் என்பர் கூட்டியவர்கள். பதினாயிரத்துக்கு மேல் இல்லை என்பர் எதிர்க்கட்சியார். இரண்டு தொகைகளும் தெருவெங்கும் உலவும். எவ்வாறு எண்ணினீர், உமது எண்ணிக்கையில் எவ்வளவு பிசகு இருக்கக்கூடும் என்று இரு சாராரையும் கேட்பார் ஒருவரும் இலர். எண் என்பது வாயிலிருந்து வெளிப்பட்டவுடனே அதற்கு ஒரு தனி அதிகாரம் பிறந்துவிடுகிறது.

அந்த அதிகாரத்துக்கு விஞ்ஞானம் ஒரு நிபந்தனை விதித்திருக்கிறது. அளவு கூறுவோன் மூன்று விஷயங்களைக் கூறக் கடமைப்பட்டவன்: எத்தனை என்பது ஒன்று; எந்த அலகில் என்பது இரண்டு; எவ்வளவு பிழைக்கு உட்பட்டு என்பது மூன்று. மூன்றாவதை மறைத்தவன் முதல் இரண்டையும் சரிவரச் சொன்னவனாக மாட்டான். இதற்கு, நாம் நாள்தோறும் துணி வாங்கும் மீட்டர் பிறந்த வரலாற்றைக் காட்டிலும் சிறந்த சாட்சியம் வேறில்லை.

1789-ம் வருஷத்துப் புரட்சிக்கு முன் பிரெஞ்சு தேசத்தில் ஊருக்கொரு கோல், சந்தைக்கொரு படி என்ற நிலைமை இருந்தது. பெயர் ஒன்றாயிருக்கும், அளவு வேறாயிருக்கும். பிரபுக்கள் தங்களுக்கு வரவேண்டிய தானியத்தைத் தங்கள் படியாலேயே அளந்து வாங்கினர் என்பது குடியானவர்களின் நெடுநாளைய முறையீடு. ஆகவே 1791-ல் ஜனப்பிரதிநிதி சபையார் ஒரு புதிய வழியை ஏற்றனர். எந்த அரசனுடைய கையும் காலும் அளவுகோலாக வேண்டாம். சகல ஜாதியாருக்கும் பொதுவான பூமியே அளவுகோலாகட்டும் என்றனர். வடதுருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரையுள்ள தூரத்தில் கோடியில் ஒரு பங்கு ஒரு மீட்டர் என்று தீர்மானமாயிற்று.

அத்தூரத்தை முழுவதும் நடந்து அளத்தல் இயலாத காரியம். வடக்கே டங்கர்க் முதல் தெற்கே பார்சிலோனா வரையுள்ள பகுதியை முக்கோணங்களாக வகுத்து அளந்து, இரு முனைகளின் அட்சரேகையை நட்சத்திரங்களைக் கொண்டு கண்டு, மீதியைக் கணக்கிடுவதென்று ஏற்பாடாயிற்று. 1792-ல் தெலாம்பர், மெஷேன் என்னும் இரு வானசாஸ்திரிகள் புறப்பட்டனர். வடபகுதி முன்னவருக்கும், தென்பகுதி பின்னவருக்கும் உரியது.

மெஷேன் அந்தக் குளிர்காலத்தில் பார்சிலோனாவுக்கருகே மோன்ஷுயிக் குன்றின் கோட்டையிலிருந்து அட்சரேகையை அளந்தார். 1793-ல் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் போர் மூண்டது. ஊர் திரும்ப வழியின்றி நகரத்து விடுதி ஒன்றில் தங்கியிருந்தபோது, அங்கிருந்தும் நட்சத்திரங்களை அளந்து பார்த்தார். கோட்டைக்கும் விடுதிக்கும் உள்ள தூரத்தைக் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிட்டபோது திடுக்கிட்டார். மூன்று விகலைக்குச் சற்று அதிகமான வேற்றுமை! பூமியின்மேல் அது ஏறக்குறைய நூறு மீட்டர்.

இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? மெஷேன் சோம்பேறியல்லர், அவரினும் கவனமாக அளந்தவர் அக்காலத்தில் அரியர். போர்டா என்பவர் அமைத்த வட்டக் கருவியைக் கொண்டு ஒரே கோணத்தை மீண்டும் மீண்டும் அளந்தார். அவ்வளவுகள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தின. அப்பொருத்தமே அவரை மயக்கியது.

பிழை இருவகைப்படும். கண் சற்றே பிசகுதல், கை சற்றே நடுங்குதல் முதலியன ஒரு முறை கூட்டியும் மறு முறை குறைத்தும் காட்டும். பலமுறை அளந்து சராசரி எடுத்தால் இவை ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். நூறு முறை அளந்தால் இத்தகைய பிழை பத்தில் ஒரு பங்காகக் குறையும். மற்றொரு வகை, கருவியிலேயே குடிகொண்ட பிழை. நைந்து நீண்டுபோன நாடாவால் ஆயிரம் முறை அளந்தாலும் ஆயிரம் முறையும் அதே திசையில்தான் தவறு நேரும். நீதிமன்றத்தில் பழகியவர்கள் இதை நன்கு அறிவார்கள். ஒரு சாட்சி பத்து முறையும் சொல் பிறழாமல் ஒரே கதையைச் சொன்னால், அவன் மாறாமல் பேசுகிறான் என்பது மட்டுமே ருசுவாகும். மெய் பேசுகிறான் என்பது ருசுவாகாது.

மெஷேன் இந்த வேற்றுமையை வெளியிட்டாரா? இல்லை. விடுதியில் எடுத்த அளவுகளை மறைத்தார், குறிப்புகளையும் திருத்தினார். சகாவான தெலாம்பரிடத்திலும் வாய் திறக்கவில்லை. 1799-ல் பிளாட்டினத்தால் செய்த மீட்டர் கோல் பாரிஸில் அரசாங்கச் சாசனங்களுடன் வைக்கப்பட்டது. ஊரார் புகழ்ந்தனர், அவர் உள்ளம் வெந்தது. அளவையை மேலும் தெற்கே நீட்டும் பொருட்டு மீண்டும் ஸ்பெயினுக்குச் சென்றவர், 1804-ல் காய்ச்சல் கண்டு அங்கேயே மாண்டார்.

அவருடைய குறிப்பேடுகளைப் பரிசீலித்த தெலாம்பருக்கு உண்மை விளங்கியது. நண்பரின் பெயரைக் காப்பதற்காக அவர் அவற்றை எரித்துவிடவில்லை; பிற்காலத்தார் சோதித்தறியும்படி பாரிஸ் வானாராய்ச்சி நிலையத்தில் சேர்ப்பித்தார். மெஷேன் இறந்து இருபது வருஷங்களுக்கு மேல் கழிந்த பின் நிக்கோலே என்னும் வானசாஸ்திரி அந்த அளவுகளை ஆராய்ந்தார். உச்சிக்கு வடக்கே செல்லும் நட்சத்திரங்களையும் தெற்கே செல்லும் நட்சத்திரங்களையும் தனித்தனியே பிரித்துச் சமன் செய்தபோது, அந்த வேற்றுமை பெரும்பாலும் மறைந்தது. கருவியில் இருந்த பிசகு ஒரு பக்கம் கூட்டியதை மறுபக்கம் குறைத்துக் காட்டியிருந்தது. மெஷேனுடைய கண்ணும் கையும் குற்றமற்றவை. எந்த ஏட்டை வெட்கி மறைத்தாரோ, அந்த ஏட்டிலேயே அவருடைய விடுதலைப் பத்திரம் இருந்தது! ஐயத்தை வெளியிட்டிருந்தால் உயிரோடிருக்கும்போதே விடுதலை பெற்றிருக்கக்கூடும்.

மீட்டரின் கதி என்ன? பூமியைக் கொண்டு வகுத்த இலக்கணத்தை நோக்க, அன்று செய்த கோல் ஏறக்குறைய 0.2 மில்லிமீட்டர் குட்டையானது. பூமியின் வடிவத்தைப் பற்றிய அனுமானம் பொருந்தாமற்போனதே அதற்கு முக்கிய காரணம். ஆயினும் உலகம் அக்கோலைத் தள்ளிவிடவில்லை. அலகுக்கு வேண்டுவது தெய்வீகமான பூரணத்துவம் அன்று. யாவரும் ஒப்புக்கொள்ளும் பொதுமை. 1956-ல் நமது பாராளுமன்றம் சட்டம் இயற்றி இந்த மீட்டரையே இந்தியாவுக்கும் உரியதாக்கியது. 1983 முதல், ஒளியானது வெற்றிடத்தில் ஒரு விநாடியின் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரமே மீட்டர் என்று உலக நாடுகள் வகுத்துள்ளன. அலகு இவ்வளவு துல்லியமாகிவிட்டபோதிலும், அளப்பவனுடைய பிழை ஒழிந்துவிடவில்லை. இன்றும் ஆராய்ச்சிச்சாலையிலிருந்து வெளிவரும் ஒவ்வோர் அளவும், இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்ற குறிப்போடுதான் வெளிவருகிறது.

பொது வாழ்வில் ஈடுபட்டோருக்கு இதில் ஒரு பாடம் உண்டு. பஞ்சத்தில் மாண்டவர் தொகையாயினும், வேலையற்றோர் தொகையாயினும், மேடையில் கூடியோர் தொகையாயினும், இது எமது கணக்கு, இவ்வாறு கணக்கிட்டோம், இவ்வளவு பிசகலாம் என்று சொல்லுவோமாக. எதிரி நகைக்கக்கூடும், நகைக்கட்டும். பிழையை ஒப்புக்கொண்ட எண் குறுக்கு விசாரணையைத் தாங்கி நிற்கும். பிழையே இல்லையென்று சாதித்த எண் முதற் கேள்வியிலேயே முறிந்துபோகும்.