காரின் சந்துபொந்துகளும் ஒரு பழைய டூத்பிரஷும்

எங்கள் குடியிருப்புக்குத் தினமும் விடிகாலையில் ஒரு அண்ணன் வந்து இருபது கார்களைத் துடைத்துவிட்டுப் போவார். கையில் ஒரு பக்கெட், தோளில் ஒரு துணி, அவ்வளவுதான். ஒரு காருக்கு மாதம் 500 ரூபாய். போன வருஷம் பார்க்கிங்கில் புதிதாக எல்.இ.டி. விளக்குகள் போட்டார்கள். அந்த வெளிச்சத்தில் என் கருநீலக் காரைப் பார்த்ததும் வயிறு கலங்கிவிட்டது. உடம்பெல்லாம் வளையம் வளையமாக மெல்லிய கீறல்கள். பின்பக்க லோகோ, நம்பர் பிளேட் ஓரம், பெட்ரோல் மூடியைச் சுற்றி என்று சில இடங்களில் இன்னும் ஆழமாக, குட்டை குட்டையாகக் கோடுகள்.

மறுநாள் காலையிலேயே அவரிடம், “அண்ணே, அடுத்த மாசத்துலேர்ந்து வேணாம்” என்று சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “சார், நான் மேலாப்புல துடைக்கறதோட சரி. சந்துபொந்துல எல்லாம் கை விடறதில்ல. இருபது வண்டி முடிக்கணும், அதுக்கெல்லாம் எங்க நேரம்?” என்று கேட்டுவிட்டு அடுத்த காருக்குப் போய்விட்டார்.

அன்று முழுக்க அந்தக் கேள்வி மண்டையில் குடைந்துகொண்டே இருந்தது. அவர் சந்துபொந்தில் கை விடவில்லை என்றால், விட்டது யார்? ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய டூத்பிரஷும் துணி துவைக்கும் சோப்புத்தூளுமாக உட்கார்ந்து லோகோவின் இடுக்குகளைத் தேய்த்த ஆள் ஒருவன்தான். நான்தான்.

சரி, ஆராய்ந்து பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதன் குறிப்புகள்தான் இவை.

கீறுவது எது?

காரின் தகட்டுக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் கோட் என்ற நிறமற்ற படலம். நாம் ரசிக்கிற பளபளப்பு முழுக்க இந்தப் படலத்தில்தான் இருக்கிறது. இதன் தடிமன் பொதுவாக 40 முதல் 50 மைக்ரான். நம் தலைமுடி ஏறத்தாழ 70 மைக்ரான். அதாவது ஒரு முடியின் பருமன் கூட இல்லாத பிளாஸ்டிக் படலத்தைத்தான் நாம் வாராவாரம் தேய்க்கிறோம்.

தெருப்புழுதியில் இருக்கும் மணல் பெரும்பாலும் குவார்ட்ஸ். பொருள்களின் கடினத்தை ஒப்பிட மோஸ் என்ற அளவுகோல் இருக்கிறது. அதில் நகம் சுமார் 2.5, கண்ணாடி சுமார் 5.5, குவார்ட்ஸ் 7. கண்ணாடியையே கீறக்கூடிய மணலுக்குக் கிளியர் கோட் எம்மாத்திரம்? எனவே கீறுவது துணியும் இல்லை, பிரஷும் இல்லை. அவற்றுக்கும் பெயின்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிற மணல்தான் கீறுகிறது.

வளையம் வளையமாகத் தெரிவதால், வட்டமாகத் துடைத்ததுதான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் நன்றாகப் புழங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றை பல்புக்குக் கீழே பிடித்துப் பாருங்கள். பல்பின் பிம்பத்தைச் சுற்றி வட்ட வட்டமாகக் கோடுகள் தெரியும். தட்டை மெல்லச் சாய்த்தால் அந்த வட்டங்களும் பிம்பத்தோடு கூடவே நகரும். கீறல்கள் எல்லாத் திசையிலும்தான் இருக்கின்றன. விளக்கின் பிம்பத்தைச் சுற்றிவருகிற வாக்கில் அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகின்றன. ஆகவே வட்டமாகத் துடைப்பதா, நேராகத் துடைப்பதா என்பது பெரிய விஷயமில்லை. எதை வைத்துக்கொண்டு துடைக்கிறோம் என்பதே விஷயம்.

ஒரு பழைய சி.டி. சோதனை

யாரும் இப்போது சீண்டாத ஒரு பழைய சி.டி.யை எடுத்து, லேபிள் பக்கம் மார்க்கரால் நான்கு பாகமாகப் பிரித்தேன். பளபளக்கும் பக்கத்தில் சோதனை. முதல் பாகத்தில் தெருப்புழுதியைத் தூவி, உலர்ந்த துணியால் துடைத்தேன். இரண்டாவதில் புழுதியைத் தூவி, கழுவாமல், ஷாம்பூ தண்ணீரில் நனைத்த டூத்பிரஷால் தேய்த்தேன். மூன்றாவதில் புழுதியே இல்லை. சுத்தமான டூத்பிரஷ், சுத்தமான தண்ணீர். நான்காவதில் புழுதியைத் தூவி, மேலே தண்ணீர் ஊற்றிக் கழுவியபின், மேக்கப் போடும் மிருதுவான பிரஷால் லேசாகத் தடவினேன்.

மொபைல் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், முதல் பாகம் நாசம். இரண்டாவதில் குட்டை குட்டையான கோடுகள் கொத்துக் கொத்தாக இருந்தன. என் கார் லோகோவைச் சுற்றி இருந்த அதே கையெழுத்து. மூன்றாவதில் ஓரிரு மெல்லிய கோடுகள். நான்காவதில் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. சி.டி.யும் கார் பெயின்டும் ஒன்றல்ல. இதை ஓர் ஒப்பீடாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் குற்றவாளி யார் என்பதில் எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது.

சந்துபொந்து ஏன் மோசம்?

இரண்டு காரணங்கள். முதலாவது, பானெட் மாதிரி விரிந்த இடத்தில் ஊற்றும் தண்ணீர் மணலை இழுத்துக்கொண்டு ஓடிவிடும். இடுக்கில் தண்ணீர் நுழையும், ஆனால் ஓடாது. அங்கேயே தேங்கிக் காயும். மணலும் அங்கேயே ஒட்டிக்கொண்டு, வாரத்துக்கு வாரம் சேரும்.

இரண்டாவது, அழுத்தம். உள்ளங்கையை விரித்துத் துடைத்தால் கையின் விசை பெரிய பரப்பில் பரவிவிடும். இடுக்கில் துணியைச் சுற்றி விரல் நுனியை நுழைக்கும்போது, அதே விசை ஒரு சதுர சென்டிமீட்டரில் இறங்குகிறது. மணல் அதிகம், அழுத்தமும் அதிகம். வேறென்ன வேண்டும்?

அப்போ எப்படிச் செய்வது?

இப்போது நான் பின்பற்றும் முறை இது. நிழலில், சூடு ஆறிய காரில்தான் ஆரம்பிப்பேன். முதலில் வெறும் தண்ணீர், மேலிருந்து கீழாக. இடுக்குகளில் மட்டும் ஹோஸைக் கொஞ்சம் நேரம் கூடுதலாகக் காட்டுவேன். பிறகு கார் ஷாம்பூ கரைத்த தண்ணீரை இடுக்குகளில் தெளித்து மூன்று நான்கு நிமிடம் ஊற விடுவேன். காய விடக் கூடாது. மறுபடியும் தண்ணீர். கையே வைக்காமல் போகக்கூடிய மணல் இதற்குள் போயிருக்கும்.

அதன்பிறகுதான் பிரஷ். மேக்கப் பிரஷோ, மிருதுவான பெயின்ட் பிரஷோ போதும். கன்னத்தில் தேய்த்துப் பாருங்கள். குத்தினால் அது காருக்கு ஆகாது. பிரஷ் முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டை பெயின்டில் பட்டால் அதுவே கீறிவிடும். அதன்மேல் இன்சுலேஷன் டேப் சுற்றிவிடுங்கள். பிரஷை நுனிக்குப் பக்கத்தில் பிடிக்காமல் கைப்பிடியின் கடைசியில் பிடித்தால், அழுத்த நினைத்தாலும் அழுத்த முடியாது. ஷாம்பூவுக்கு ஒரு பக்கெட், பிரஷை அலச இன்னொரு பக்கெட். ஒவ்வொரு இடுக்கு முடிந்ததும் ஓர் அலசல்.

இனி இடம் வாரியாக:

லோகோ, எழுத்துகள், நம்பர் பிளேட் ஓரம்: பிரஷ் நுனியால் ஷாம்பூ நுரையோடு தடவினால் போதும். ஒரே தடவையில் எல்லா அழுக்கும் போகணும்னு நினைக்காதீங்க. மீதம் அடுத்த வாரம் போகும்.

கதவுக் கைப்பிடிக் குழி: இங்கே இருக்கும் கோடுகளுக்குப் பெரும்பாலும் நம் நகமும் மோதிரமும்தான் காரணம். அதைத் தேய்த்துப் போக்க முயல்வது வீண்.

பக்கவாட்டுக் கண்ணாடி: காரைத் துடைத்து முடித்தபின் இதன் கூட்டுக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து கதவில் கோடு போடும். கேமரா லென்ஸில் தூசி ஊதும் ரப்பர் பல்பால் ஊதித் தண்ணீரை வெளியேற்றுங்கள்.

முன்பக்க கிரில்: காய்ந்த பூச்சிகளைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியைப் பத்து நிமிடம் போர்த்தி வைத்தால் ஊறித் தானாகக் கழன்றுவிடும்.

வைப்பருக்குக் கீழே, பெட்ரோல் மூடிக்குள், கதவின் அடி விளிம்பில்: இந்த மூன்று இடங்களிலும் தண்ணீர் வடியச் சிறு துவாரங்கள் இருக்கும். மரத்தடியில் நிறுத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். வைப்பருக்குக் கீழே இலைச்சருகு அடைத்துக்கொண்டால் மழைத்தண்ணீர் காருக்குள்ளேயே இறங்கலாம். கதவுத் துவாரம் அடைத்தால் கதவு உள்ளுக்குள் துருப்பிடிக்கும். சருகைக் கையால் பொறுக்கி, துவாரத்தை மரப் பல்குத்தியால் மெல்லத் திறந்துவிடுங்கள். கம்பி வேண்டாம்.

சக்கரம்: இதற்குத் தனி பிரஷ், தனி துணி, தனி பக்கெட். சக்கரத்தில் படியும் கரும்புழுதியில் பிரேக்கிலிருந்து தேய்ந்து வரும் இரும்புத் துகள் கலந்திருக்கும். அந்தத் துணி பானெட்டுக்கு வரவே கூடாது.

கடைசியாக ஈரம் எடுப்பது. மைக்ரோஃபைபர் துணியை விரித்து, ஒத்தி எடுக்க வேண்டும், இழுக்கக் கூடாது. கீழே விழுந்த துணியை அலசாமல் மறுபடி தொடக் கூடாது. எங்களைப்போல போர் தண்ணீரில் கழுவுகிறவர்கள் ஈரத்தைக் காய விட்டால் வெள்ளைத் திட்டு விழும். அது பெரும்பாலும் சுண்ணாம்பு. சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரில் துணியை நனைத்து ஒற்றி, உடனே கழுவினால் புதிய திட்டுகள் போய்விடும்.

வேண்டாதவை: துணி சோப்புத்தூள் காரத்தன்மை உள்ளது, மெழுகைக் கரைத்துவிடும், கரையாத குருணை தனியே உரசும். மண்ணெண்ணெய் தார்க்கறையை எடுக்கும்தான், ஆனால் ரப்பர் பீடிங்கை உப்ப வைத்துவிடும். ஸ்க்ரூடிரைவரில் துணி சுற்றி இடுக்கில் விடுவது பற்றிச் சொல்லவே வேண்டாம். நானே செய்திருக்கிறேன்.

விழுந்த கீறலை பாலிஷ் போட்டு எடுத்துவிடலாமே என்பீர்கள். எடுக்கலாம். ஆனால் பாலிஷ் என்பது கீறலை நிரப்புவதில்லை. சுற்றியிருக்கும் கிளியர் கோட்டையும் ஒன்றிரண்டு மைக்ரான் சீவி மட்டப்படுத்துகிறது. 40 மைக்ரான்தான் நம் மொத்தச் சேமிப்பு. எத்தனை தடவை எடுக்க முடியும்?

அந்த அண்ணனிடம் போய், “நான் சொன்னது தப்பு அண்ணே, அந்தக் கீறல் என் கைவேலைதான்” என்றேன். “விடுங்க சார்” என்றார். பானெட்டிலும் கூரையிலும் இருக்கும் மெல்லிய வளையங்கள் அவருடைய ஒற்றைத் துணியில் வந்தவைதான், அதையும் மறைக்கவில்லை. சி.டி.யைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். “முதல்ல தண்ணி ஊத்தினா நல்லதுன்னு எனக்கும் தெரியும் சார். இருபது வண்டிக்கும் சேத்து ரெண்டு பக்கெட்டுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு அசோசியேஷன்ல சொல்லியிருக்காங்க. நான் என்ன பண்ணட்டும்?” என்றார்.

இதை நான் யோசிக்கவே இல்லை. இருபது காரின் மணலும் அந்த இரண்டு பக்கெட் தண்ணீருக்குள்தான் சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. தினமும் துடைக்க வேண்டாம், வாரம் இரண்டு நாள் போதும், அதே 500 ரூபாய். அந்த இரண்டு நாளும் என் வீட்டுக் குழாயிலிருந்து இரண்டு பக்கெட் தண்ணீரும் நான்கு துணியும் கீழே கொண்டுபோய் வைத்துவிடுவேன். சந்துபொந்து மட்டும் இன்னும் என் பொறுப்புதான். டூத்பிரஷைத் தூக்கிப் போட்டுவிட்டேன்.