மானேஜர் என்றால் ஆண்தானா?

1920-களின் இறுதியில் திருவனந்தபுரத்தில் ஒரு விவாதம் நடந்தது. மணமான பெண்களுக்கு அரசாங்க உத்தியோகம் தரலாமா என்பது விஷயம். கூடாது என்று வாதிட்டவர் டி.கே. வேலுப்பிள்ளை, 1940-ல் திருவிதாங்கூர் ஸ்டேட் மானுவலை எழுதி வெளியிட்ட அறிஞர். அவருடைய வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறுத்துப் பேசினார் அன்னா சாண்டி என்ற இளம்பெண். சட்டம் படித்திருந்த அவர் 1937-ல் முன்சீப் ஆனார். 1959-ல் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாகவும் அமர்ந்தார்.

பெண்ணுக்கு வேலை தரலாமா என்று இன்று யாரும் மேடை போட்டு விவாதிப்பதில்லை. கரமனை, வலியசாலை, சாலைக் கடைத்தெரு என்று இந்நகரில் பரவியிருக்கும் நம் தமிழ்க் குடும்பங்களிலும், வங்கிக்கும் செக்ரட்டேரியட்டுக்கும் டெக்னோபார்க்குக்கும் போய்வரும் பெண்கள் உண்டு. வேலை கிடைத்துவிடுகிறது, வம்பு எல்லாம் பதவி உயர்வில்தான். "பத்துப் பேரை வைத்து வேலை வாங்க அவளால் முடியுமா?" என்ற சந்தேகம் முதலில் அலுவலகத்தில் எழுகிறது. பிறகு வீட்டில் எழுகிறது. சில சமயம் அந்தப் பெண்ணின் மனத்திலேயே எழுந்துவிடுகிறது.

இந்தச் சந்தேகம் எங்கிருந்து வருகிறது என்பதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்தவர் வர்ஜினியா ஷைன் என்ற அமெரிக்கப் பேராசிரியை. பென்சில்வேனியா மாநிலத்தின் கெட்டிஸ்பர்க் கல்லூரியில் நிர்வாகவியல் கற்பித்தவர்.

92 சொற்கள்

1973-ல் வெளிவந்த அவருடைய முதல் ஆய்வு எளிமையானது, ஆனால் சாமர்த்தியமானது. மனிதர்களின் குணங்களைக் குறிக்கும் 92 சொற்களையும் தொடர்களையும் கொண்ட ஒரு பட்டியலை அவர் தயாரித்தார். தன்னம்பிக்கை, நிதானம், போட்டி மனப்பான்மை, பிறருக்கு உதவும் சுபாவம் என்பன போன்றவை அவை. ஒன்பது இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் நடுத்தர நிலையில் இருந்த 300 ஆண் மானேஜர்களிடம் இந்தப் பட்டியல் போயிற்று.

சிலரிடம், "பொதுவாக ஆண்கள் எப்படிப்பட்டவர்கள் என்று இதில் குறியுங்கள்" என்று கேட்கப்பட்டது. வேறு சிலரிடம் பெண்களைப் பற்றி; மற்றவர்களிடம் வெற்றிகரமான மானேஜரைப் பற்றி. ஒருவருக்கு ஒரு கேள்விதான். ஆகவே, ஆணையும் பெண்ணையும் ஒப்பிடச் சொல்கிறார்கள் என்று யாரும் உஷாராகிவிட முடியாது.

விடைத்தாள்களை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது, ஆணின் சித்திரமும் மானேஜரின் சித்திரமும் பெருமளவு பொருந்தின. பெண்ணின் சித்திரத்துக்கும் மானேஜரின் சித்திரத்துக்கும் ஏறக்குறைய சம்பந்தமே இல்லை. வேலைக்கு வரும் பெண் இன்னார், இன்ன திறமை உடையவர் என்று பார்ப்பதற்கு முன்பே, நாற்காலியில் ஓர் ஆணின் உருவம் உட்கார்ந்திருந்தது.

ஆண்கள் அப்படித்தான் நினைப்பார்கள் என்று சொல்லிவிடலாம். ஷைன் அம்மையார் அதோடு விடவில்லை. 1975-ல் 167 பெண் மானேஜர்களிடம் இதே பட்டியலைக் கொடுத்தார். பதவியில் இருந்த அந்தப் பெண்களும் மானேஜர் என்றால் ஆணின் குணங்கள் கொண்டவர் என்றே குறித்தார்கள்! ஆண்களுக்கென்று தைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு மேலே வந்தவர்கள் அவர்கள். வேறு அளவு இருக்கும் என்று நினைக்க அவர்களுக்கு வாய்ப்பு இல்லை.

1989-ல் மற்ற ஆய்வாளர்களுடன் சேர்ந்து மீண்டும் சோதித்தார். பெண் மானேஜர்களின் எண்ணம் மாறியிருந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் அந்தப் பதவி பொருந்தும் என்றார்கள். ஆண் மானேஜர்களின் எண்ணமோ 1973-ல் இருந்த இடத்திலேயே இருந்தது. 1990-களில் பிரிட்டன், ஜெர்மனி, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளின் நிர்வாகவியல் மாணவர்களிடமும் கேட்டார். எல்லா இடங்களிலும் ஆண் மாணவர்களின் விடை ஏறக்குறைய ஒன்றுதான்.

ஒற்றை ஆளின் பாடு

இதே காலத்தில் இன்னொரு பேராசிரியை வேறு வழியில் போனார். ரோசபெத் மாஸ் கான்டர் என்ற அவர், பின்னாளில் ஹார்வர்டு வணிகப் பள்ளிக்கு வந்தவர். ஒரு பெரிய கம்பெனிக்குள் புகுந்து பார்த்து, அதன் பெயரை மறைத்து, 1977-ல் புத்தகம் எழுதினார். பெண்களின் பங்கு நூற்றுக்கு 15-க்கும் கீழே இருக்கும் இடத்தில் அந்த ஓரிருவர் படும் பாட்டை அதில் விளக்கினார். அவர்கள் செய்யும் சிறு பிழையும் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஒரு பெண் தவறினால் "பெண்களே இப்படித்தான்" என்கிறார்கள். ஓர் ஆண் தவறினால் அவன் பேர் மட்டும் கெடுகிறது. அதிகாரம் இல்லாத பொறுப்பில் உட்கார வைத்தால் ஆணும் சிடுசிடுப்பான். மேலே போக வழியில்லாத வேலையில் வைத்தால் ஆணுக்கும் ஆசை வற்றிப் போகும். பெண்ணின் சுபாவம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, அவள் உட்கார்ந்திருக்கும் இடத்தின் சுபாவம் என்பது அவர் முடிவு.

நம் நாட்டில் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய இந்திரா பாரிக், புலின் கார்குடன் சேர்ந்து இந்தியப் பெண்களின் மனப்போக்கைப் பற்றி 1989-ல் ஒரு நூல் வெளியிட்டார். 2002 முதல் 2005 வரை அந்த நிலையத்தின் டீனாகவும் இருந்தார்.

செங்கல் சூளையில்

நிர்வாகம், பதவி உயர்வு எல்லாம் படித்த பெண்களின் கவலை என்று சிலர் சொல்வார்கள். திருவனந்தபுரம் உள்ளூரில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சேர்ந்த லீலா குலாத்தி 1981-ல் வெளியிட்ட புத்தகம் அதற்குப் பதில் சொல்கிறது. கேரளத்தின் ஏழை உழைப்பாளிப் பெண்கள் ஐந்து பேரின் வாழ்க்கையை அதில் அவர் எழுதினார். செங்கல் சூளைத் தொழிலாளி ஒருவரும் அவர்களில் உண்டு. சூளையில் ஆண் சுமை தூக்கத் தொடங்கினாலும், நாளடைவில் கல் அறுக்கக் கற்றுக்கொண்டு கூடுதல் கூலிக்கு உயரலாம். பெண்ணோ சிறுமியாக வந்து சுமை தூக்கத் தொடங்கி, தலை நரைத்த பிறகும் சுமையே தூக்குகிறாள். பதவி உயர்வு என்ற சொல்லே இல்லாத இடத்திலும் அதன் கதவு அடைத்தே இருக்கிறது.

ஷைன் அம்மையாரும் கடைசியில் இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார். மேலே உள்ள பெண்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் போதாது என்று, வறுமையில் தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மாரைச் சந்தித்துப் பேசி 1995-ல் ஒரு நூல் எழுதினார். மானேஜர் நாற்காலியும் சுமட்டுக் கூடையும் அவருடைய ஆராய்ச்சியில் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்களாயின.

நாம் செய்யக்கூடியது

எண்ணிக்கை கூடினால் பார்வை மாறும் என்பதற்குக் கேரளமே சாட்சி. 2010 முதல் இங்கே உள்ளாட்சி இடங்களில் பாதி பெண்களுக்கு. பஞ்சாயத்துத் தலைவர் பெண் என்றால் இன்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. நன்றாகச் செய்பவரும் உண்டு, சுமாராகச் செய்பவரும் உண்டு, ஆண்களைப் போலவே. கம்பெனிகளிலோ, 2013-ம் ஆண்டுச் சட்டம் குறிப்பிட்ட வகைக் கம்பெனிகளின் டைரக்டர் குழுவில் குறைந்தது ஒரு பெண் வேண்டும் என்கிறது. ஒருவர் என்பது நல்ல தொடக்கம். ஆனால் ஒற்றை ஆளின் பாடு என்னவென்று கான்டர் அம்மையார் சொன்னதையும் மறக்கக் கூடாது.

சட்டம் எட்டாத இடம் ஒன்று இருக்கிறது. அது நம் வீடு. வங்கியில் கிளார்க்காக இருப்பவர் ஆபீசரானால் பெரும்பாலும் வெளியூர் மாற்றல் வரும். மகனுக்கு வந்தால் பெட்டி கட்டுகிறோம். மருமகளுக்கு வந்தால், "இருக்கிற வேலை போதாதா, எழுதிக் கொடுத்துவிடேன்" என்கிறோம். அவள் எழுதிக் கொடுத்துவிடுகிறாள். பெண்களுக்கே மேலே வர விருப்பமில்லை என்று அலுவலகம் குறித்துக்கொள்கிறது.

அடுத்த முறை அந்த ஆர்டர் வீட்டுக்கு வரும்போது, குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, மாமியாருக்கு மருந்து யார் வாங்குவது, இரண்டு ஆண்டுகளுக்கு எப்படிச் சமாளிப்பது என்று எல்லோரும் உட்கார்ந்து கணக்குப் போடலாம். கணக்கு ஒத்துவராமலும் போகலாம். ஆனால் மகனுக்குப் போடும் அதே கணக்காக அது இருக்கட்டும்.