லேபலுக்கு அடியில் இருப்பது என்ன?

ஒலுவில் கெம்பஸில் கணினி படிக்கிற மருமகன் ஒருவர் கேட்டார்: "எம்பிஎல்எஸ் பாடம் எல்லாம் படிச்சாச்சு மாமா. ஆனா வயர்ஷார்க்கைத் திறந்துவச்சு எவ்வளவு நேரம் பார்த்தாலும் ஒரு லேபலும் தெரியுதில்லையே?" நல்ல கேள்வி. பாடத்தை மனப்பாடம் செய்தவருக்கு இது வராது, கருவியைக் கையில் எடுத்தவருக்குத்தான் வரும். தேத்தண்ணியை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறுதலாகப் பார்ப்போம்.

எம்பிஎல்எஸ் என்பது பக்கற்களில் லேபல் ஒட்டி, அதைப் பார்த்தே வழியனுப்பும் முறை. வயர்ஷார்க், வலையில் ஓடும் பக்கற்களைப் பிடித்துக் காட்டும் கருவி. முதலில், லேபல் எங்கே ஒட்டப்படுகிறது என்று தெரிய வேண்டும். கல்முனையில் இருக்கிற ஒரு வங்கிக் கிளை, கொழும்பிலுள்ள தலைமையகத்தோடு எம்பிஎல்எஸ் வழியாகப் பேசுகிறது என்று வைப்போம். கிளையிலிருந்து புறப்படும்போது அது வெறும் ஐபி பக்கற்தான். சேவை வழங்குநரின் முதல் ரவுட்டர்தான் லேபலை ஒட்டுகிறது. மருதமுனையில் நெய்த சாரக் கட்டைக் கொழும்பு பஸ்ஸில் போட்டால், வழியில் யாரும் கட்டை அவிழ்த்துப் பார்ப்பதில்லை, மேலே ஒட்டிய துண்டைத்தான் பார்க்கிறார்கள். நடுவிலுள்ள ரவுட்டர்களும் அப்படியே. ஐபி முகவரியைத் தொடாமல், லேபலைப் பார்த்து, வேறு லேபலாக மாற்றி, அடுத்த ரவுட்டருக்கு அனுப்புகின்றன. கொழும்பில் வங்கியின் கையில் கொடுக்குமுன் லேபல் உரிக்கப்பட்டுவிடும். ஆகவே மருமகனின் மடிக்கணினியில் லேபல் தெரியாதது சரியே. வழங்குநரின் உள்வலையில் பிடித்தால்தான் தெரியும்.

அங்கே பிடித்தால் என்ன தெரியும்? 2001 ஜனவரியில் வந்த ஆர்எஃப்சி 3032 என்ற இணையத் தர ஆவணம் இதை வரையறுத்தது. ஒரு லேபல் பதிவு 32 பிட், அதாவது 4 பைட். முதல் 20 பிட் லேபல் எண். அடுத்த 3 பிட் முன்னுரிமைக்கானது. அடுத்த 1 பிட், "இதுதான் அடுக்கின் கடைசி லேபல்" என்பதற்கான அடையாளம். மீதி 8 பிட் ஆயுள் எண்ணிக்கை, ஒவ்வொரு ரவுட்டரிலும் ஒன்று குறையும்.

இப்போது இந்தப் பைட்டுகளைப் பாருங்கள், எல்லாம் பதினறுமத்தில்:

88 47 00 06 40 40 00 40 01 40 45 00

சாதாரண தரத்தில் படித்த துவிதமும் பதினறுமமும் இங்கே உதவிக்கு வருகின்றன. பதினறுமத்தில் ஓர் இலக்கம் 4 பிட். 8847 என்பது ஈதர்நெட் சொல்லும் செய்தி: உள்ளே லேபல் வருகிறது. அடுத்த 4 பைட்டில் முதல் ஐந்து இலக்கம் 00064, அது தசமத்தில் 100. அடுத்த இலக்கம் 0: முன்னுரிமை இல்லை, கடைசி லேபலும் இல்லை. அடுத்து 40, ஆயுள் 64. அடுத்த பதிவில் 00400, அது 1024. பின்னால் வரும் இலக்கம் 1: கடைசி லேபல் இதுதான். ஆயுள் மறுபடியும் 64. இப்படி இரண்டு லேபல் இருந்தால், வெளி லேபல் பாதைக்கும் உள் லேபல் வாடிக்கையாளருக்கும் என்பது வழக்கமான ஏற்பாடு.

பக்கற்களைப் பிடிக்கும் இன்னொரு கருவியான டிசிபிடம்ப் இதைத்தான் ஒரே வரியில் அச்சிடுகிறது: லேபல் 100, ஆயுள் 64, லேபல் 1024, கடைசி, ஆயுள் 64. இதுவரை சந்தேகத்துக்கு இடமே இல்லை. சிக்கல் இதற்குப் பிறகுதான்.

ஈதர்நெட் தலைப்பில் "அடுத்து வருவது இன்னது" என்று சொல்ல ஓர் இடம் இருக்கிறது. எம்பிஎல்எஸ் லேபலில் அந்த இடமே கிடையாது. லேபல் 0 என்றால் ஐபி நான்காம் பதிப்பு, 2 என்றால் ஆறாம் பதிப்பு என்று சில எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. 1024 போன்ற சாதாரண எண்ணுக்கு அர்த்தம் அதைக் கொடுத்த ரவுட்டருக்குத்தான் தெரியும். நடுவில் ஒட்டுக்கேட்கும் கருவி என்ன செய்யும்? ஊகிக்கும். கடைசி லேபலுக்குப் பின்வரும் பைட் 45 போல 4-இல் தொடங்கினால் ஐபி நான்காம் பதிப்பு, 6-இல் தொடங்கினால் ஆறாம் பதிப்பு என்று எடுத்துக்கொள்ளும்.

பெரும்பாலும் ஊகம் சரியாகவே இருக்கும். ஆனால் லேபலுக்கு அடியில் ஐபிக்குப் பதில் முழு ஈதர்நெட் சட்டகமே போகலாம். அப்போது அங்கே முதலில் நிற்பது சேருமிடத்தின் மேக் முகவரி. அது 4-இல் தொடங்கிவிட்டால் கருவி அதையும் ஐபி என்றே நம்பி, உலகத்தில் இல்லாத முகவரிகளைத் திரையில் அச்சிடும். ரவுட்டர்களும் இதே ஊகத்தை வைத்துச் சுமையைப் பாதைகளுக்குப் பிரிப்பதால், ஏமாந்துபோய் பக்கற்களின் ஒழுங்கைக் குலைத்துவிடும். இதைத் தவிர்க்கத்தான் சட்டகத்துக்கு முன்னால் 0-இல் தொடங்கும் ஒரு கட்டுப்பாட்டுச் சொல் வைக்கும்படி 2007-இல் ஆர்எஃப்சி 4928 அறிவுறுத்தியது. உங்கள் வலையில் அது இல்லையென்றால், வயர்ஷார்க்கில் குறித்த லேபலின் அடியில் இருப்பது இன்னதென்று நீங்களே சொல்லிக்கொடுக்கலாம்.

புதியவர்கள் தடுக்கி விழும் இன்னொரு இடம் வடிகட்டி. டிசிபிடம்பில் ஒரு ஐபி முகவரியை மட்டும் கேட்டால், லேபல் ஒட்டிய பக்கற் ஒன்றும் வராது. "ஒன்றும் ஓடவில்லை" என்று நினைத்துவிடுவோம். எம்பிஎல்எஸ் என்ற சொல்லை முன்னால் சேர்த்தால்தான் கருவி 4 பைட் தாண்டிப் பார்க்கும். இரண்டு லேபல் என்றால் அந்தச் சொல் இரண்டு முறை வர வேண்டும்.

பிரித்துக் காட்டும் நிரலை எழுதுவோருக்கும் ஒரு பாடம் உண்டு. 2005-இல், டிசிபிடம்ப் 3.8.3 வரையான பதிப்புகளில், லேபல்களைப் பகிரும் எல்டிபி செய்தியை விஷமமாக வடிவமைத்து அனுப்பினால் கருவி முடிவில்லாமல் சுற்றும் என்று கண்டுபிடிக்கப்பட்டது. பக்கற் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது.

உள்வலையில் கைவைக்க நமக்கு அனுமதி இல்லை. பரவாயில்லை. லினக்ஸ் கெர்னலில் 2015-இல் வந்த 4.1 பதிப்பிலிருந்து எம்பிஎல்எஸ் இருக்கிறது. ஒரே மடிக்கணினியில், தனித்தனி வலைகள் போல நடக்கும் சில நேம்ஸ்பேஸ்களை ரவுட்டர்களாக வைத்து லேபல் மாற்றிப் பழகலாம். லேபல் அட்டவணையின் அளவு தொடக்கத்தில் 0 என்றிருக்கும், அதை உயர்த்துங்கள். ஒவ்வொரு இடைமுகத்திலும் லேபலை ஏற்கும் அனுமதியையும் திறந்துவிடுங்கள். பிறகு நடு ரவுட்டரில் பிடித்து, பைட்டுகளையும் சேர்த்து அச்சிட்டு, 20, 3, 1, 8 என்று பென்சிலால் பிரித்துப் பாருங்கள். கருவி சொல்லும் விடையைப் பார்ப்பதற்கு முன்னால் உங்கள் விடையை எழுதி வையுங்கள்.