கிரண்காவில் செங்கொடி

லோயர் பரேலில் ஃபீனிக்ஸ் மாலுக்குக் குழந்தைகளை அழைத்துப்போகும் நம்மில் பலருக்கு, அது பஞ்சாலை நின்ற இடம் என்பது தெரியும். பரேல், லால்பாக் வட்டாரமே ஒரு காலத்தில் கம்யூனிஸ்டுகளின் கோட்டை என்பது அவ்வளவாகத் தெரியாது. ஆலைகளின் ஊர் என்ற பொருளில் 'கிரண்காவ்' என்று மராத்தியர் அழைத்த பகுதி அது.

1928-ல் ஏறத்தாழ ஆறு மாதம் நீடித்த பொது வேலைநிறுத்தத்தின்போது உருவானது கிர்ணி காம்கார் யூனியன். 'லால் பாவ்டா', அதாவது செங்கொடி, என்றே தொழிலாளர் அதை அழைத்தனர். அண்ணாபாவ் சாட்டே, அமர் ஷேக் ஆகியோரின் பாட்டுகள் சால்களின் முற்றங்களில் ஒலித்தன. தலைவர் எஸ்.ஏ. டாங்கே 1957-லும் 1967-லும் இங்கிருந்து மக்களவைக்குப் போனார். ஆனால் 1957 வெற்றியில் ஆலைக் கூலிக்கு இருந்த பங்கைவிட, மராத்தி மாநிலம் கேட்ட சம்யுக்த மகாராஷ்டிரா இயக்கத்தின் பங்கு பெரிது. மொழி கொண்டுவந்த ஓட்டை மொழியே திருப்பி எடுத்துக்கொண்டது என்பது என் கருத்து.

1966-ல் சிவசேனை தோன்றியது. அதன் முதல் குறி, ஆபீசுகளிலும் ஓட்டல்களிலும் இருந்த நாம். நம் மாட்டுங்கா, தாராவிப் பெரியவர்கள் அதை மறக்கவில்லை. அடுத்த குறி செங்கொடி. 1967 டிசம்பரில் பரேல் தள்வி கட்டடத்திலிருந்த யூனியன் அலுவலகம் தாக்கப்பட்டது. 1970 ஜூனில் கம்யூனிஸ்ட் எம்.எல்.ஏ. கிருஷ்ணா தேசாய் கொல்லப்பட்டார். இடைத்தேர்தலில் அவர் மனைவி சரோஜினி நின்றும், சேனையின் வாமன்ராவ் மகாடிக் வென்றார். சேனையின் முதல் எம்.எல்.ஏ. அவர்தான்.

அடிதடி மட்டுமே காரணம் என்றால் பாதிக் கதைதான். 1946-ஆம் ஆண்டின் பம்பாய் தொழிலுறவுச் சட்டப்படி, ஒரு வட்டாரத்தில் ஒரு தொழிலுக்கு ஒரே பிரதிநிதிச் சங்கம். பஞ்சாலைகளில் அந்த இடம் காங்கிரஸ் சார்பு சங்கத்திடம் இருந்தது. முதலாளியோடு பேச உரிமையில்லாத சங்கத்திடம் தொழிலாளி எத்தனை நாள் காத்திருப்பான்? மாலையில் வீடு திரும்பினால் பள்ளி அட்மிஷனுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கூட வர, தெருமுனையில் சேனையின் ஷாகா இருந்தது. அவசரநிலையை டாங்கேயின் கட்சி ஆதரித்ததும் பெயரைக் கெடுத்தது.

ஆகவே 1982 ஜனவரியில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, தலைமைக்கு அவர்கள் தேடிப்போனது செங்கொடியை அல்ல, டாக்டர் தத்தா சாமந்தை. போராட்டம் முறைப்படி முடிக்கப்படவே இல்லை. 1984-ல், இந்திரா காந்தி மறைவின் அனுதாப அலையிலும் சாமந்த் மக்களவைக்கு வென்றார். அந்த ஓட்டு கட்சிக்கு விழுந்ததல்ல, மனிதருக்கு விழுந்தது. 1997-ல் அவரும் சுட்டுக் கொல்லப்பட்டார்.

பிறகு ஓட்டுப் போடவே அங்கே ஆள் குறைந்தது. 1991 விதிகள் ஆலை நிலத்தை விற்க வழிவிட்டன. குடும்பங்கள் பல கல்யாண், விரார் பக்கம் நகர்ந்தன.

மகாராஷ்டிரத்தில் 2024 சட்டமன்றத் தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சி வென்ற ஒரே தொகுதி, ஆதிவாசிகள் வாழும் டஹாணு. 2018 மார்ச்சில் நாசிக்கிலிருந்து நடந்தே வந்த விவசாயிகள், நம் தாராவிக்கு அருகே சயான் சோமையா மைதானத்தில் தங்கினார்கள். மறுநாள் பள்ளித் தேர்வு என்பதால், பிள்ளைகளுக்கு இடைஞ்சல் வேண்டாமென்று, இரவோடு இரவாகச் செங்கொடிகளுடன் ஆசாத் மைதானம் நோக்கி நடந்தார்கள்.