பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம்

மலையும் காடும், மரமும் கொடியும், பறவையும் விலங்கும் நாள்தோறும் நம் கண்ணுக்குப் புலப்படுவன. அவற்றைக் கண்டு மகிழ்வோர் பலர்; கூர்ந்து நோக்குவோர் சிலர்; நோக்கியதை நாளும் இடமும் தவறாமல் எழுதி வைப்போர் மிகச் சிலரே. அம்மிகச் சிலர் ஓரிடத்துக் கூடி, தாம் கண்டவற்றை ஒருவர்க்கொருவர் எடுத்துரைத்து, பிற்காலத்தார்க்கும் அவற்றைச் சேமித்து வைப்பாராயின், அக்கூட்டமே இயற்கை வரலாற்றுக் கழகம் எனப்படும். ஓர் ஊரில் சிறு கூட்டமாகத் தோன்றிய கழகம் நாடு முழுமைக்கும் எத்துணைப் பயன்படக்கூடும் என்பதைப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் வரலாறு நமக்குக் காட்டுகின்றது.

1883ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 15ஆம் நாள், இன்று மும்பை என வழங்கும் பம்பாய் நகரத்துப் பொருட்காட்சிச் சாலையில் எண்மர் கூடினர். அவருள் அறுவர் ஐரோப்பியர். ஏனை இருவர் ஆத்மாராம் பாண்டுரங்கு, சகாராம் அர்ஜுன் என்னும் இந்திய மருத்துவர்கள். ஒவ்வொருவர்க்கும் வெவ்வேறு தொழில் இருந்தது. எனினும் இயற்கையை அறியும் வேட்கை அவர்களை ஒன்று சேர்த்தது. திங்களுக்கு ஒரு முறை கூடுவது, தாம் கண்ட செய்திகளைப் பரிமாறிக்கொள்வது, கிடைத்த அரும்பொருள்களைக் கொணர்ந்து காட்டுவது என்று அவர்கள் முடிவு செய்தனர். எய்ட்கன் என்பார் முதற் செயலாளராயினார். கழகத்தின் தொடக்கம் இத்துணை எளியதே.

நாளடைவில் உறுப்பினர் கொணர்ந்த பாம்பும் பறவையும் வண்ணத்துப்பூச்சியும் பெருகின. அவற்றை வைத்துக் காப்பதற்கு இடம் வேண்டியதாயிற்று. அப்போது பிப்சன் என்னும் வணிகர் தம் வாணிக நிலையத்தின் ஒரு பகுதியையே கழகத்திற்கு ஈந்தார். பின்னர் அவரே செயலாளராகி, இருபது ஆண்டுகள் தொண்டாற்றினார். கார்வாரிலிருந்து 1894இல் இருவாட்சிக் குஞ்சு ஒன்று கழகத்திற்கு வந்தது. வில்லியம் என்று பெயரிடப்பெற்ற அப்பறவை, 1920இல் இறக்கும் வரை கழகத்தாருடனேயே வாழ்ந்தது. இன்றும் கழகத்தின் சின்னமாக விளங்குவது இருவாட்சியே.

1886ஆம் ஆண்டு கழகம் ஓர் இதழைத் தொடங்கிற்று. ஒருவர் கண்ட செய்தி அவருடைய நாட்குறிப்பிலேயே கிடக்குமாயின், அவரோடு அது மறைந்துபோகும். அச்சேறிய செய்தியோ நூறாண்டு கழித்தும் பிறர்க்குப் பயன்படும். காட்டு அலுவலர், தேயிலைத் தோட்டத்தார், மருத்துவர், படைவீரர், வேட்டையாடுவோர் எனப் பலதிறத்தாரும் நாட்டின் பல மூலைகளிலிருந்து குறிப்புகள் எழுதி அனுப்பினர். ஒரு பறவை எந்தத் திங்களில் கூடு கட்டிற்று, ஒரு பாம்பு எந்த ஊரில் காணப்பட்டது, ஒரு மரம் எப்போது பூத்தது என்பன போன்ற சிறு செய்திகளே அவற்றுட் பெரும்பாலன. தனித்துப் பார்த்தால் அவை சிறியனவே. ஆயின், சிறுதுளி சேர்ந்து பெருவெள்ளமாவதுபோல, அவை ஒன்றுகூடி இந்நாட்டு உயிர்களைப் பற்றிய பேரறிவாயின.

1911ஆம் ஆண்டு கழகம் நாட்டின் பாலூட்டி விலங்குகளை முறையாக அறிய முற்பட்டது. பொதுமக்களிடம் பொருள் திரட்டி, பயிற்சி பெற்றோரைப் பல பகுதிகளுக்கும் அனுப்பிற்று. இடையில் முதல் உலகப்போர் குறுக்கிட்டும் அப்பணி கைவிடப்படவில்லை. 1923ஆம் ஆண்டளவில் ஏறத்தாழ 25,000 மாதிரிகள் திரட்டப்பட்டன. எலி, அணில், வௌவால் முதலிய சிற்றுயிர்கள் எங்கெங்கு வாழ்கின்றன, ஒன்றற்கொன்று எவ்வாறு வேறுபடுகின்றன என்பன இவ்வாய்வினால் தெளிவாயின.

கழகம் பொருள்களை மட்டும் சேர்க்கவில்லை, அறிஞரையும் உருவாக்கிற்று. 1908ஆம் ஆண்டில் சலீம் அலி என்னும் சிறுவன் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு சிட்டினைச் சுட்டு வீழ்த்தினான். அதன் தொண்டையில் மஞ்சள் நிறம் இருக்கக் கண்டு வியந்தான். வீட்டுச் சிட்டிற்கு அந்நிறம் இல்லையன்றோ? கழக உறுப்பினராயிருந்த அவனுடைய மாமா, அவனைக் கழகத்திற்கு அனுப்பினார். செயலாளர் மில்லார்டு சிறுவனென்று அவனைப் புறக்கணிக்கவில்லை. அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று விளக்கி, பெட்டிகளில் வரிசை வரிசையாக வைத்திருந்த பறவைகளை எல்லாம் திறந்து காட்டினார். அன்று அச்சிறுவன் உள்ளத்தில் தோன்றிய ஆர்வம் பின்னர்த் தணியவே இல்லை. அவரே வளர்ந்து இந்தியப் பறவையியலின் தலைசிறந்த அறிஞராயினார். 1941இல் அவர் எழுதிய இந்தியப் பறவைகள் பற்றிய நூலைப் படித்துப் பறவைகளை இனங்காணக் கற்றவர் பலராவர்.

தொடக்க காலத்தில் ஒரு பறவையை அறியவேண்டின் அதனைச் சுட்டு வீழ்த்தி ஆராய்வதே வழக்கமாயிருந்தது. காலப்போக்கில், கொல்லாமலே அறியும் முறைகள் வளர்ந்தன. அவற்றுள் ஒன்று வளையமிடுதல். பறவையை வலையில் மெல்லப் பிடித்து, எடையும் அளவும் குறித்துக்கொண்டு, எண் பொறித்த இலேசான உலோக வளையத்தைக் காலில் மாட்டிப் பறக்கவிடுவர். அவ்வளையத்தில், கண்டவர் பம்பாய்க் கழகத்திற்குத் தெரிவிக்குமாறு வேண்டும் சொற்களும் பொறிக்கப்பட்டிருக்கும். தொலைநாட்டில் ஒருவர் அதனைக் கண்டு எழுதுவாராயின், அப்பறவை எங்கிருந்து எங்குச் சென்றது என்பது விளங்கும்.

1957இல் கருநாடகப் பகுதியின் கியாசனூர்க் காட்டில் புதிய காய்ச்சல் ஒன்று தோன்றியது. வடநாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகள் அந்நோயைக் கொண்டுவந்திருக்குமோ என்னும் ஐயம் எழுந்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் உதவியோடு 1959 முதல் கழகம் மேற்கொண்ட வலசை ஆராய்ச்சிக்கு இவ்வையமும் ஒரு காரணமாயிற்று. நம் தமிழ்நாட்டுக் கொடியக்கரையும் இவ்வாராய்ச்சியில் சிறப்பிடம் பெற்றது. 1980ஆம் ஆண்டுகளில் கழகத்தார் அங்கே தங்கி, உள்ளான் முதலிய கரைப்பறவைகள் பலவற்றிற்கு வளையமிட்டனர். உள்ளங்கையில் அடங்கும் கொசு உள்ளான் வடகோடியிலுள்ள குளிர்நிலங்களில் குஞ்சு பொரித்துவிட்டு, பனிக்காலத்தைக் கழிக்க நம் உப்பளங்களை நாடி வருகின்றது என்னும்போது எவர்க்குத்தான் வியப்பு ஏற்படாது?

கழகத்தின் குறிப்புகள் எவ்வளவு இன்றியமையாதன என்பதை உணர்த்தும் நிகழ்ச்சி ஒன்று அண்மைக் காலத்தில் நடந்தது. பிணந்தின்னிக் கழுகுகளைப் பாறு என்றும் வழங்குவர். இறந்த கால்நடைகளை உண்டு, ஊர்ப்புறத்தைத் தூய்மையாக வைத்திருந்தவை அவை. நாடெங்கும் மிகுதியாகக் காணப்பட்டமையால் அவை குறையுமென்று எவரும் எண்ணவில்லை. ஆயினும், இராஜஸ்தானத்துப் பரத்பூர்ப் பூங்காவில் கழக ஆராய்ச்சியாளர் விபு பிரகாஷ் 1980ஆம் ஆண்டுகளிலேயே அவற்றின் கூடுகளை எண்ணிக் குறித்திருந்தார். 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அவர் மீண்டும் எண்ணியபோது, முன்னைய தொகை பெரிதும் வீழ்ந்திருந்தது. மரக்கிளைகளில் கழுத்துத் தொங்க அமர்ந்திருந்தன பாறுகள். பல இறந்து வீழ்ந்தன. இச்செய்தியை 1999இல் கழகத்தின் இதழ் வெளியிட்டது. பழைய கணக்கு இருந்திராவிடின் இவ்வீழ்ச்சியின் அளவை எவரால் கூறியிருக்க முடியும்?

காரணம் 2004இல் பாகிஸ்தானத்தில் நடந்த ஆராய்ச்சியால் வெளிப்பட்டது. கால்நடைகளின் வலியையும் வீக்கத்தையும் தணிப்பதற்கு டைக்குளோபினாக் என்னும் மருந்து கொடுக்கப்பட்டு வந்தது. அம்மருந்து பெற்ற மாடு விரைவில் இறந்து, அதன் உடலைப் பாறுகள் தின்றால், அவற்றின் சிறுநீரகங்கள் கெட்டுச் சில நாட்களில் அவை மடியும். 2006இல் இந்திய அரசு இம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. எனினும், 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகள் ஆயிரத்திற்கு ஒன்று என்னும் அளவிற்குக் குறைந்துவிட்டன. இனம் அற்றுப்போகாமல் காக்க, கழகமும் அரியானா மாநில வனத்துறையும் இணைந்து பிஞ்சோரில் பாறுகளை வளர்த்துப் பெருக்கி வருகின்றன. தமிழ்நாட்டில் நீலகிரியை அடுத்த மோயாற்றுப் பள்ளத்தாக்கு அவற்றிற்கு எஞ்சியுள்ள புகலிடங்களுள் ஒன்றாகும். பாறு ஆண்டுக்கு ஒரு முட்டையே இடும். ஆதலின் இழந்ததை மீட்பதற்கு நெடுங்காலம் வேண்டும்.

இவற்றால் நாம் அறிவது யாது? அருகிப்போன உயிரைக் காப்பதற்கு அது அருகிவிட்டது என்பதை முதலில் அறிதல் வேண்டும். அதனை அறிவதற்கு, அது மிகுந்திருந்த காலத்திலேயே ஒருவர் எண்ணி எழுதி வைத்திருத்தல் வேண்டும். அரிய பறவையைக் காண்பார் அதனைக் குறிக்க மறப்பதில்லை. நாள்தோறும் காணும் காகத்தையும் சிட்டையும் மைனாவையும் குறிப்பவரே அரியர். ஆயின், நாளை நமக்குத் தேவைப்படுவது அவ்வெளிய குறிப்பாகவும் இருக்கலாம்.

இப்பணிக்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. பொறுமையும் வாய்மையும் வேண்டும். எந்த உயிர், எத்தனை, எந்த இடம், எந்த நாள், எந்த நேரம் ஆகிய ஐந்தையும் குறித்தல் வேண்டும். ஐயமுற்றதை ஐயம் என்றே எழுதுதல் வேண்டும். காணாததைக் கண்டதாக எழுதலாகாது. ஒரு நாள் குளக்கரையில் ஒரு பறவையையும் காணவில்லையாயின், அதனையும் எழுதுதல் வேண்டும். அதுவும் ஒரு செய்தியே. ஒவ்வோர் ஆண்டும் ஜனவரித் திங்களில் ஆசிய நாடுகள் பலவற்றிலும் ஆர்வலர்கள் ஏரிகளிலும் குளங்களிலும் நீர்ப்பறவைகளை எண்ணுகின்றனர். 1987 முதல் நடைபெற்று வரும் அக்கணக்கெடுப்பில் பங்கு கொள்வோருள் மாணவரும் உளர்.

அன்று பம்பாயில் கூடியவர் எண்மரே. ஒவ்வொரு பள்ளியிலும் எண்மர் கூடித் தம் ஊர்க் குளத்தையும் தோப்பையும் ஆண்டுதோறும் நோக்கிக் குறித்து வருவாராயின், அவ்வூரின் இயற்கை வரலாறு அவர் கையால் எழுதப்படும். பின்வருவோர் அதனைப் புரட்டிப் பார்த்து, இன்னது இங்கு இருந்தது என்று அறிவர். அதனை மீட்கவும் முயல்வர்.