ஹார்லெமின் நிலவறையில் ஒரு மனநல நிலையம்

1946ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், புனித பிலிப்பு ஆலயத்தைச் சேர்ந்த கட்டடமொன்றின் நிலவறையில் ஒரு மனநல நிலையம் தொடங்கப்பெற்றது. இரண்டே அறைகள், வாரத்தில் இரண்டே மாலைப் பொழுதுகள். கட்டணம் இருபத்தைந்து சென்ட். அதுவும் கொடுக்க இயலாதார் கொடுக்க வேண்டுவதில்லை. மருத்துவர்களும் ஆலோசகர்களும், வெள்ளையரும் கறுப்பினத்தவருமாக, ஊதியமின்றிப் பணிபுரிந்தனர். கியூபாவிற் பிறந்த கலப்பினத்தவரும், மருத்துவம் பயின்றவரும், காரல் மார்க்சின் மருமகருமான பால் லஃபார்க்கின் பெயரை அதற்கு இட்டனர்.

இத்துணைச் சிறிய ஏற்பாட்டைப் பற்றி நாம் பேசப் புகுவது ஏன் என நேயர்கள் வினவலாம். அதற்கு விடை காண, மனநல மருத்துவம் அதுகாறும் கறுப்பின மக்களிடம் எவ்வாறு நடந்துகொண்டது என்பதைச் சற்று நோக்க வேண்டும். 1851ஆம் ஆண்டில் சாமுவேல் கார்ட்ரைட் என்னும் அமெரிக்க மருத்துவர் புதிய நோயொன்றைக் கண்டதாக எழுதினார். அடிமைகள் எசமானரை விட்டுத் தப்பியோடும் விருப்பமே அந்நோயாம்! அதற்கு அவர் கூறிய சிகிச்சையிற் சாட்டையடியும் ஒன்று. விடுதலை வேட்கையைப் பித்து எனப் பெயரிட்ட ஒரு கலையை, அம்மக்களின் பேரர்கள் ஐயத்தோடு நோக்கியதில் வியப்பில்லை. 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில், மேகநோயுற்ற கறுப்பின ஆடவர்க்கு உண்மையை மறைத்து, மருந்து கிடைத்த பின்னரும் அதனை வழங்காமல், நோயின் போக்கை மட்டும் கவனித்து வந்த கொடுமை அவ்வையத்தை உறுதிப்படுத்தியது.

லஃபார்க் நிலையம் தோன்றுவதற்குக் காரணமாயிருந்தவர் மூவர்: மனநல மருத்துவர் பிரெடரிக் வெர்த்தம், எழுத்தாளர் ரிச்சர்ட் ரைட், ஆலயத்தின் குருவாகிய ஷெல்டன் ஹேல் பிஷப். வெர்த்தம் பிற்காலத்தில் சித்திரக்கதை நூல்களுக்கு எதிராக நடத்திய போராட்டம் மிகைப்பட்டது என்பதே நம் கருத்து. ஆயினும் ஹார்லெமில் அவர் ஆற்றிய தொண்டு அதனால் குறைவுறாது.

அங்கு வந்தோரிற் பலர் தென் மாநிலங்களிலிருந்து பிழைப்பு நாடி வடக்கே குடியேறியவர்கள். ஊரில் உற்றார் இருந்தனர். துயருற்ற பொழுது சார்ந்து நிற்க ஓர் இடம் இருந்தது. நகரிலோ பழைய ஊன்றுகோல் போயிற்று, புதியது கிட்டவில்லை. எழுத்தாளர் ரால்ஃப் எலிசன் இந்நிலையத்தைக் குறித்து 1948இல் எழுதிய கட்டுரையில் இதனையே விரித்துரைத்தார். வேற்று மாநிலத்தில் வாழும் நம் நேயர்கட்கு இந்நிலை முற்றிலும் புதிதன்று. ஆனால் நிறத்தின் பேரால் வீடும் வேலையும் மறுக்கப்படும் சுமை அவர்கட்கு மேலும் இருந்தது.

இங்கே ஆலோசகர் முன் ஒரு கடினமான வினா எழுகின்றது. ஒருவன் உறக்கமின்றித் தவிக்கின்றான். அவன் அச்சம் அவன் உள்ளத்திற் பிறந்ததா, அன்றி அவன் வாழும் தெருவிற் பிறந்ததா? உலகம் நேராக உள்ளது, நீயே கோணல் எனக் கூறினால் அது பொய். உலகம் கோணல், நீ செய்வதற்கு ஒன்றுமில்லை எனக் கூறினால் அது கைவிடுதல். இவ்விரண்டிற்கும் இடையே நின்று, அவன் துயரின் புறக்காரணத்தை ஒப்புக்கொண்டு, அவனது வலிமையையும் அவனுக்குக் காட்டுவதே அந்நிலையத்தார் மேற்கொண்ட வழி.

அவ்வழி நீதிமன்றத்திற்கும் சென்றது. டெலவேர் மாநிலத்தில், நிறவேற்றுமைப் பள்ளிகளை எதிர்த்து வழக்கு நடந்தபொழுது, அங்குள்ள குழந்தைகள் ஹார்லெமுக்கு அழைத்துவரப்பெற்று ஆராயப்பட்டனர். பிரித்துவைத்தலே குழந்தையின் உள்ளத்தைப் புண்படுத்துகின்றது என வெர்த்தம் 1951இல் சாட்சியம் அளித்தார். உச்ச நீதிமன்றம் 1954இல் அத்தகைய பள்ளிமுறையைச் சட்ட விரோதம் எனத் தீர்த்த வழக்குத் தொகுதியில் டெலவேர் வழக்கும் ஒன்று. நிலையம் 1958 வரையே நடந்தது.

அதே 1946இல் ஹார்லெமிற் தொடங்கிய வேறொரு நிலையம் இன்றும் நடைபெறுகின்றது. மேமி கிளார்க், கென்னத் கிளார்க் என்னும் உளவியலாளர் தம்பதியர் நிறுவிய நார்த்சைடு நிலையமே அது. பள்ளிகள் தம் மக்களை மந்தபுத்தியினர் என ஒதுக்கிவிட்டதாகப் பெற்றோர் பலர் முறையிட்டு வந்தனர். மேமி அக்குழந்தைகளைச் சோதித்தபொழுது, அவர்களிற் பலர்க்கு அறிவிற் குறை ஏதும் இல்லை எனப் புலனாயிற்று. பிழை பள்ளியின் ஏட்டில், தண்டனை குழந்தைக்கு! ஆலோசகரின் முதற்பணி ஆறுதல் மொழியன்று, அந்த ஏட்டைத் திருத்துவதே என்றாயிற்று.

இன்று அமெரிக்க மக்களில் நூற்றுக்குப் பதின்மூவர்க்கு மேல் கறுப்பினத்தவர். உளவியலாளரிலோ நூற்றுக்கு ஐவர் அளவிலேயே உள்ளனர். இக்குறையை ஓரளவு ஈடுசெய்ய எழுந்த முயற்சிகளுள் நம் மனத்தைக் கவர்ந்தது ஒன்றுண்டு. 2016இல் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரிற் தொடங்கிய இயக்கம் ஒன்று, முடிதிருத்துநர்க்குப் பயிற்சி அளிக்கின்றது. மருத்துவரிடம் வாய் திறவாத ஆடவர், பல்லாண்டு பழகிய முடிதிருத்துநரிடம் மனம் விட்டுப் பேசுவர். அவர் மருத்துவம் செய்ய முற்படுவதில்லை. இடைமறியாது கேட்கின்றார், தம் ஆற்றலுக்கு மேற்பட்டது எனக் கண்டால், கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, தக்க ஆலோசகரை நாடுமாறு சொல்லி அனுப்புகின்றார்.