காவல்காரனுக்கும் காவல் வேண்டும்!



"கம்ப்யூட்டர் நல்லா ஓடுதான்னு பார்க்க இன்னொரு கம்ப்யூட்டரா?" என்று என் நண்பன் கேட்டான். ஆமாம்! வங்கி, ரயில் முன்பதிவு, மருத்துவமனை என்று எல்லா இடத்திலும் சர்வர்கள் ராப்பகலாக ஓடுகின்றன. ஒவ்வொன்றையும் ஆள் போய்ப் பார்த்துக்கிட்டே இருக்க முடியுமா? அதனால் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு சின்ன புரோகிராமை வைக்கிறார்கள். அதன் பெயர் 'ஏஜெண்ட்'. டிஸ்க் எவ்வளவு நிரம்பியிருக்கு, மெமரி எவ்வளவு மிச்சம், அப்ளிகேஷன் பதில் சொல்லுதா என்று பார்த்து, 'கன்சோல்' உள்ள கம்ப்யூட்டருக்கு அது தகவல் அனுப்பும்.

நம்ம ஸ்கூல் பாணியில் சொன்னால், ஏஜெண்ட் என்பது கிளாஸ் லீடர். கன்சோல் என்பது ஹெச்.எம். அறை. லீடர், ஆப்சென்ட் ஆனவர்கள் பட்டியலைத் துண்டுச் சீட்டில் எழுதி ஒரு பையனிடம் கொடுத்து அனுப்புகிறான். அந்தச் சீட்டுக்கு வழியில் என்னென்ன ஆகலாம்?

1. யாராவது பிரித்துப் படிக்கலாம்.
2. எண்ணிக்கையை மாற்றி எழுதலாம்.
3. லீடர் எழுதியது போலவே வேறொருவன் சீட்டு அனுப்பலாம்.

நெட்வொர்க்கிலும் இதே மூன்று ஆபத்துகள்தான். முதலாவது நடந்தால், எந்த சர்வரில் என்ன ஓடுது என்ற விவரம் எல்லாம் திருடன் கைக்குப் போய்விடும். மற்ற இரண்டும் இன்னும் மோசம். சர்வர் திணறிக்கிட்டு இருக்கும்போது 'எல்லாம் நலம்' என்று பொய்ச் சீட்டு போனால், கன்சோலில் பச்சை நிறம்தான் தெரியும். யாரும் எழுந்து ஓட மாட்டார்கள். அது மருத்துவமனை சர்வராக இருந்தால்? யோசித்துப் பாருங்கள்!

1988-இல் வந்த எஸ்.என்.எம்.பி. என்ற முறையின் முதல் பதிப்பில், ரகசியச் சொல் எந்த மறைப்பும் இல்லாமல் அப்படியே கம்பியில் போகும். பல கருவிகளில் அந்தச் சொல் 'பப்ளிக்' என்றே இருந்தது! பூட்டைப் போட்டுவிட்டு சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதைதான். 2002-இல் முழுத் தரமாக ஏற்கப்பட்ட மூன்றாம் பதிப்பில், ஆளைச் சரிபார்ப்பதும் தகவலை மறைப்பதும் இடம்பெற்றன.

லாட்வியா நாட்டில் பிறந்த 'ஸாபிக்ஸ்' என்ற கண்காணிப்பு மென்பொருளைப் பாருங்கள். அதில் ஏஜெண்ட் 10050 என்ற போர்ட்டிலும், சர்வர் 10051-லும் காது கொடுத்துக் காத்திருக்கும். 2016-இல் வந்த 3.0 பதிப்பிலிருந்து இந்தப் பேச்சை டி.எல்.எஸ். முறையால் பாதுகாக்கலாம். வங்கி வலைதளங்களைக் காப்பதும் இதே முறைதான். இதற்கு இரண்டு வழி உண்டு.

பகிர்ந்த சாவி: ஏஜெண்ட், சர்வர் இரண்டிடமும் ஒரே ரகசிய எண்ணை முன்கூட்டியே கொடுத்து வைப்பது. அது குறைந்தது 128 பிட் நீளம் இருக்க வேண்டும். பத்து இருபது மெஷினுக்கு இது போதும்.

சான்றிதழ்: ஹெச்.எம். கையெழுத்தும் சீலும் உள்ள ஐ.டி. கார்டு மாதிரி. இருவரும் கார்டைக் காட்டிய பிறகே பேச்சு தொடங்கும். மெஷின்கள் அதிகமானால் இதுவே நல்லது. ஆனால் இதற்கு காலாவதி தேதி உண்டு. புதுப்பிக்க மறந்தால் பேச்சே நின்றுவிடும். அதனால்தான் 'தகவல் வரவில்லை' என்பதையும் ஒரு எச்சரிக்கையாகவே வைக்க வேண்டும்.

முக்கியமான ஒன்று: இந்தப் பாதுகாப்பு தானாக வராது. நாம் எதுவும் மாற்றாவிட்டால் ஸாபிக்ஸ் ஏஜெண்ட் மறைப்பில்லாமல்தான் பேசும். ஏஜெண்ட், சர்வர் இரண்டு பக்கமும் நாமே அமைக்க வேண்டும். எந்த முகவரியிலிருந்து கேட்டால் பதில் சொல்லலாம் என்றும் ஏஜெண்டுக்கு எழுதி வைக்க வேண்டும். சாவி உள்ள ஃபைலை மற்றவர்கள் படிக்க முடியாதபடி பூட்டவும் வேண்டும். சர்வருக்குள்ளேயே திருடன் புகுந்துவிட்டால், வழியில் போட்ட பூட்டு எதுவும் உதவாது!

நண்பர்களே, கன்சோலில் பச்சை நிறம் தெரிந்தால் மட்டும் போதாது. "இதைச் சொன்னது யார்? வழியில் மாறாமல் வந்ததா?" என்றும் கேட்கப் பழகுவோம். சீட்டு வந்தால் கையெழுத்தையும் பாருங்கள்!

– 11-ஆம் வகுப்பு, 'அ' பிரிவு